66 அடிக் களிமண்

விசுவமடு
28.12.2025

அன்பு மச்சான்,

ஆறு மாதமா உனக்கு ஒரு வரி எழுதேல்ல. கோவம் இருக்கும், ஏசு, கேட்டுக்கொள்ளுறன். நீ போனில அனுப்பின குரல்பதிவெல்லாம் கேட்டனான். கையாலதான் பதில் எழுதோணும் எண்டு வைச்சு வைச்சு மாரியும் வந்திட்டுது. நாங்கள் எல்லாரும் சுகம். வெள்ளம் திண்ணைப் படியோட நிண்டிட்டுது. கிணறு இறைச்சாச்சு, வயல் போச்சு. பரந்தன் வீதியில உடைஞ்ச பாலத்துக்குப் பதிலா இந்தியா தந்த இரும்புப் பாலம் போன கிழமைதான் திறந்தவை. கண்ணாடி மாஸ்டர் நல்லா இருக்கிறார். உன்னட்ட அந்தப் பத்து ரூபாயை இன்னும் கேக்கிறார், குடுத்துத் துலை.

இனி விசயத்துக்கு வாறன்.

நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. தோஹாவில ஆசியக் கிண்ண ரைசிங் ஸ்டார்ஸ் ரி20 அரையிறுதி ரெண்டும் ஒரே நாள். இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நாங்கள், எல்லாரும் அனுப்பினது ஏ அணி. "ரெண்டாவது அணியின்ர மச்சுக்கு இந்த எடுப்பா" எண்டு நீ கேப்பாய். ஓம் மச்சான், எனக்கு இப்ப பெரிய அணியை விட இந்த அணிதான் முக்கியம். ஏனெண்டு சொல்லுறன்.

நான் பழக்கிற பெடியளில ஒருத்தன் இருக்கிறான். பதினாலு வயசு. மணிக்கட்டால பந்தைச் சுழட்டிற லெக் ஸ்பின். கை சின்னன், மணிக்கட்டு மட்டும் சாட்டை மாதிரி. அண்டைக்கு நேர என்ர வீட்டை வந்திட்டான். போனைச் சீனிப் போத்தலில சாய்ச்சு வைச்சிட்டு ரெண்டு பேரும் இருந்தம். ஒரு கிழமைக்கு முன்னம் அதே தோஹாவில வைபவ் சூரியவன்ஷி யூஏஇக்கு எதிரா 42 பந்தில 144 அடிச்சதை அவன் எத்தினை தரம் பாத்தானெண்டு தெரியாது. 15 சிக்ஸ். அந்தப் பிள்ளைக்கும் வயசு பதினாலு. எங்கட ஆள் வாயைப் பிளக்கேல்லையடா. என்னைத் திரும்பிப் பாத்து, "சேர், இவருக்கு நான் எந்த இடத்தில குத்தோணும்?" எண்டு கேட்டான். எனக்கு மயிர் கூச்செறிஞ்சிட்டுது.

இந்தியா–பங்களாதேஷ் மச் நீ பாத்திருக்கமாட்டாய், உங்க விடியக்காலை. ரெண்டு பக்கமும் 194. கடைசிப் பந்தில இந்தியாவுக்கு நாலு ஓட்டம் தேவை, பங்களாதேஷ் விக்கெட் காப்பாளர் தேவையில்லாமல் ஸ்டம்புக்கு எறிஞ்சு விட, மூண்டு ஓடிச் சமன். சமன் எண்டால் ஆளுக்கொரு ஓவர் விளையாடித் தீர்க்கிறது சுப்பர் ஓவர், ரெண்டு விக்கெட் போனால் முடிஞ்சுது. அதில பங்களாதேஷின்ர ரிபொன் மொண்டொல் முதல் ரெண்டு பந்திலயும் ரெண்டு பேரை எடுத்தான். இந்தியா ஒரு ஓட்டமும் இல்லை. பங்களாதேஷுக்கு ஒண்டு போதும், அவையும் முதல் பந்தில ஒருத்தனைக் குடுத்து, பிறகு வைட்டில வெண்டவை. சூரியவன்ஷி அண்டைக்கு 15 பந்தில 38 அடிச்சவன், அவனைச் சுப்பர் ஓவருக்கு இறக்கேல்ல. "ஏன் சேர் இறக்கேல்ல?" எண்டு இவன் ரெண்டு நாளாக் கேட்டான். என்னட்ட மறுமொழி இல்லை.

இரவு எங்கட மச். தலைவர் துனித் வெல்லாலகே. செப்டெம்பரில ஆசியக் கிண்ணத்தில ஆப்கானிஸ்தானோட விளையாடிக்கொண்டு நிக்கேக்க அவன்ர தகப்பன் செத்தவர். மச் முடிஞ்ச பிறகுதான் அவனுக்குச் சொன்னவை. ரெண்டு மாதத்தால ஒரு அணியைக் கொண்டு நடத்திறான். அவன் நாணயம் சுண்டேக்க எனக்கு உன்ர அப்பாவின்ர ஞாபகம் வந்திட்டுது. அவர் செத்த அடுத்த நாள் நீ பங்கர் வெட்டப் போனாயே, அந்த முகம். பாகிஸ்தானிட்ட 5 ஓட்டத்தால தோத்தம். பெடியன் ஒண்டும் கதைக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

2018இல கொழும்பில இதே வரிசைக் கிண்ணத்தை நாங்கள் இந்தியாவிட்ட 3 ஓட்டத்தால வெண்டது ஞாபகமிருக்கே? அதில 61 அடிச்சவன் கமிந்து மெண்டிஸ். அவனைப் பிறகு எத்தினை வருசம் ஒருத்தரும் கணக்கெடுக்கேல்ல, 2024இல 13 இன்னிங்ஸில ஆயிரம் டெஸ்ட் ஓட்டம் எடுத்து பிராட்மனோட சேந்து நிண்டான். ஏ அணி எண்டது அவனை அழியவிடாமல் வைச்சிருந்த இடம். எங்கட யாழ்ப்பாணத்துப் பிள்ளை வியாஸ்காந்தும் தோஹாவுக்குப் போன அணியில இருந்தவன். அதுவும் லெக் ஸ்பின். இவனுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே முதுகு நிமிரும்.

எனக்கு ஒரு குறை: முந்தி இது 50 ஓவர் போட்டி. 2024இல ஓமானில நடந்ததில இருந்து ரி20 ஆக்கிப்போட்டினம். லெக் ஸ்பின் போடுறவனுக்குப் பத்து ஓவர் வேணும். முதல் மூண்டில அடி வாங்கி, நாலாவதில காத்தைப் பிடிச்சு, ஏழாவதிலதான் ஆளை விழுத்துவான். நாலு ஓவரில என்னத்தைப் பழகிறது? அந்த ஓமான் இறுதியாட்டத்தில எங்களை வெண்டது ஆப்கானிஸ்தான் ஏ. பெஷாவர் அகதி முகாமில கிரிக்கெட் பழகின சனத்தின்ர பிள்ளையள். முகாமில இருந்து அவை அங்க போகலாமெண்டால் எங்களுக்கு என்ன குறை எண்டு அண்டைக்கே உனக்கு எழுத நினைச்சனான்.

குறை என்னெண்டு இப்ப தெரியும். நிலம்.

போன வருசம் இவனை ஒரு தெரிவுக்குக் கொண்டு போனன். தெற்கில. இரவு பஸ், விடியப் போய் இறங்கினம். நாங்கள் பழகிறது கிரவலுக்கு மேல விரிச்ச தும்புப் பாயில, மற்றிங் எண்டுறது. அதில இவன்ர பந்து முழங்கைக்கு எழும்பி ஒரு சாண் திரும்பும். அங்க புல் வெட்டி உருட்டின களித்தரை. முதல் பந்து குத்திச்சு, வழுக்கிக்கொண்டு நேரப் போச்சு. ரெண்டாவதும் அப்பிடி. மூண்டாவதை இன்னும் கூடச் சுழட்டப் பாத்து முழு நீளத்தில விட்டான், எல்லைக்கு வெளியில. ஆறு பந்தோட "அடுத்த ஆள்" எண்டிட்டினம். பஸ்ஸில அவன் கேட்டது ஒண்டுதான்: "சேர், அந்த நிலம் எங்க பழகலாம்?"

இப்ப அந்த மற்றிங்கும் போச்சு. வெள்ளம் வடிஞ்ச பிறகு போய்ப் பாத்தால் வேலியில சுருண்டு கிடந்தது, சேறு குடிச்சு மாடு செத்த பாரம். எட்டுப் பேர் சேந்து ட்ராக்டர்ப் பெட்டிக்கு மேல இழுத்துப் போட்டம். மூண்டு நாள் வெயிலில கிடந்தும் உள்ளுக்க ஈரம். தும்பைக் கையால பிரிச்சால் பிட்டு மாதிரி உதிருது. ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் கிழிஞ்சு உள்ளங்கை போற அளவு.

ஆகவே மச்சான், கேக்கிறன். நீங்கள் உங்க சேந்து வருசாவருசம் மென்பந்துச் சுற்றுப்போட்டிக்குக் காசு அனுப்புறியள். ஆள் உயரக் கிண்ணம், பொன்னாடை, ஒலிபெருக்கி, ரெண்டு நாளில எல்லாம் முடிஞ்சிடும். நல்ல மனசோட அனுப்பிறியள், எனக்குத் தெரியும். இந்த ஒரு வருசம் கிண்ணத்தை விடுங்கோ. 66 அடி நீளம், 10 அடி அகலத்தில ஒரு களித்தரை போட்டுத் தாங்கோ. களிக்கு மன்னார்ப் பக்கத்து முருங்கன் மண் இருக்கு, ஈரத்தில பொங்கிக் காய்ஞ்சால் கல்லா இறுகிற மண், காங்கேசன்துறைச் சீமெந்துக்கே அங்க இருந்துதானே போனது. ஏத்திற கூலியும் ஒரு உருளையும் தண்ணிக்கு ஒரு மோட்டரும்தான் செலவு. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில மண்டைதீவில பெரிய மைதானத்துக்கு செப்டெம்பரில அத்திவாரம் போட்டவை, சந்தோசம். ஆனா இஞ்சயிருந்து ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு அங்க போய்ப் பந்து போட்டிட்டு வர ஏலுமே?

96இல லாகூர் உலகக் கிண்ண இறுதியாட்டம் கேட்ட இரவை நினைச்சுப் பார். கறண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு நீ பெடலைச் சுத்த, டைனமோவில றேடியோ முக்கி முக்கிக் கதைச்சது. அரவிந்த நூறு அடிக்கேக்க உன்ர கை ஓய்ஞ்சு சத்தம் நிண்டிட்டுது, நான் உனக்கு அடிச்சன். இப்பவும் அதே மாதிரித்தான் கேக்கிறன், கையை விட்டிடாத.

நேற்று நானும் அவனும் நிலத்தை அளந்து நாலு மூலைக்கும் பூவரசங்கட்டை அறைஞ்சிருக்கிறம். தை பிறந்து நிலம் காய்ஞ்சால் வெட்டத் துவங்கலாம். உன்ர ஆக்களோட கதைச்சுப்போட்டு ஞாயிற்றுக்கிழமை எடு. அண்டைக்கு அவனும் இஞ்ச நிப்பான், நீயே அவனோட கதை.

அன்புடன்,
உன்ர பழைய விக்கெட் காப்பாளன்