மல்லி, நீ நிலாவோடு பேசணும்

அன்பு மல்லி,

இங்கே எல்லோரும் நலம். அங்கே அண்ணனும் பிள்ளைகளும் நலம்தானே? அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ரெஜினா வாட்ஸ்அப்பில் சொன்னாள். வெயிலில் வெளியே விடாதே. யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள், நீதான் அதட்டி உட்கார வைக்கணும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பாதியிலேயே குறுக்கே புகுந்து உன் பள்ளிக்கூடத்துக் கதையை ஆரம்பித்துவிடுவாய். இதை நீ முழுசாகக் கேட்கணும் மல்லி. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் மகள் நிலா வனவியல் படிக்கப் போகிறேன் என்கிறாள்.

செப்டம்பர் முதல் திங்கள் இங்கே அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் வருகிற கடைசி நீண்ட விடுமுறை என்பதால் ஊரே கூடாரத்தை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். நாங்கள் இட்டாஸ்கா மாநிலப் பூங்காவுக்குப் போனோம். மினியாபொலிஸிலிருந்து வடமேற்கே காரில் ஏறக்குறைய நாலு மணி நேரம். பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைத்துக்கொள்ளாதே. 32,000 ஏக்கருக்கு மேல் காடு, அதற்குள் நூற்றுக்கும் அதிகமான ஏரிகள். 1891ல் சட்டசபையில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறி, மினசோட்டாவின் முதல் மாநிலப் பூங்கா ஆன இடம். அந்த ஒரு ஓட்டு விழாமல் போயிருந்தால் அங்கே மரம் நின்றிருக்காது.

ஏரியின் வடமுனையில் ஒரு கல்வரிசை இருக்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் இட்டாஸ்கா ஏரி, அந்தப் பக்கம் மிசிசிப்பி ஆறு. பத்தாம் வகுப்பு பூகோளத்தில் வரைபடத்தில் குறித்தோமே, அதே மிசிசிப்பிதான். முழங்கால் அளவுத் தண்ணீர், பத்து எட்டு வைத்தால் அக்கரை. பக்கத்தில் நட்டிருக்கிற மரத்தூணில், கடல் மட்டத்துக்கு 1475 அடி மேலே இங்கே கிளம்பி 2552 மைல் ஓடி மெக்சிகோ வளைகுடாவில் சேர்கிறது என்று செதுக்கியிருக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் போய்ச்சேர மூன்று மாதம் ஆகுமாம். தெற்கே போகவேண்டிய ஆறு முதலில் வடக்கே பெமிஜி ஊரைப் பார்த்துப் போய், கிழக்கே திரும்பி, அப்புறம்தான் தெற்கே இறங்குகிறது. 1832ல் ஸ்கூல்கிராஃப்ட் என்பவர் இதைக் கண்டுபிடித்தார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர் ஓசாவிண்டிப் என்கிற ஒஜிப்வே பழங்குடித் தலைவர். அவருக்கும் அவர் ஆட்களுக்கும் அது தெரிந்த இடம்தானே.

தண்ணீரில் கால் வைத்ததும் உன்னைத்தான் நினைத்தேன். பாபநாசத்தில் படியில் உட்கார்ந்துகொண்டு, 'மேலே தாமிரபரணி பிறக்கிற பூங்குளம் வரைக்கும் ஒருநாள் நடந்தே போகணும்' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

கூடாரம் போடுவது இப்போது எங்களுக்குப் பழகிவிட்டது. சாப்பாடுதான் பெரிய வேலை. கருங்கரடி உலவுகிற காடு. தின்கிற பொருள் எதுவும் கூடாரத்தில் இருக்கக்கூடாது. புளியோதரை தூக்கு, இட்லிப்பொடி, எண்ணெய்ப் பாட்டில், பல் தேய்க்கிற பேஸ்ட் வரைக்கும் ராத்திரி காருக்குள் வைத்துப் பூட்டணும். நடைபாதையிலிருந்து திரும்பினால் உண்ணி இருக்கிறதா என்று முழங்காலுக்குப் பின்னால், காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பார்க்கணும். மான் உண்ணி கடித்து லைம் காய்ச்சல் வந்தால் மாதக்கணக்கில் மூட்டுவலி. இவர் இதையெல்லாம் முணுமுணுக்காமல் செய்வார், அதைச் சொல்லியே ஆகணும்.

விறகு விஷயத்தில்தான் நிலாவின் பேச்சு ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிப்போட்ட மரத்தை இவர் காரில் ஏற்றப்போனார். அவள் விடவில்லை. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு இங்கே ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. 2002ல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள், 2009ல் மினசோட்டாவுக்கு வந்துவிட்டது. தானாகப் பறந்து அவ்வளவு தூரம் போகாது. முகாமுக்குப் போகிறவர்கள் கொண்டுபோகிற விறகின் பட்டைக்குள் புழுவாக உட்கார்ந்து ஊர் ஊராகப் போகிறது. அதனால் பூங்காவிலோ, அனுமதி பெற்ற கடையிலோ வாங்குகிற விறகைத்தான் எரிக்கலாம். 'அப்பா, ஒரு கட்டு விறகு போதும், ஒரு காடே போயிடும்' என்றாள். இவரும் சரியென்று இறக்கிவைத்துவிட்டார்.

முதல் ராத்திரி நெருப்பு அடங்குகிற நேரத்தில் ஏரியில் லூன் பறவை கூவியது. நம் ஊர் முக்குளிப்பான் மாதிரி முங்கி முங்கி மீன் பிடிக்கும், ஆனால் வாத்தைவிடப் பெரிசு. கண் நல்ல ரத்தச் சிவப்பு. கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருப்பதால் தரையில் சரியாக நடக்க வராது. தண்ணீரில் அதை மிஞ்ச முடியாது. முதலில் ஒன்று நீளமாகக் குரல் கொடுத்தது. ஏரியின் அந்தக் கோடியிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. வயிற்றுக்குள் என்னவோ செய்தது மல்லி.

அந்த நேரத்தில்தான் நிலா சொன்னாள். 'அம்மா, நான் அப்ளிகேஷன்ல ஃபாரஸ்ட்ரின்னு போடப்போறேன்.' இங்கே மினசோட்டா பல்கலைக்கழகத்திலேயே அந்தப் படிப்பு இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் ஒன்று அதே பூங்காவுக்குள் ஏரிக்கரையில் 1909லிருந்து நடக்கிறது, வனவியல் மாணவர்களுக்காகவே ஆரம்பித்தது. அவள் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருக்கிறாள். எந்த வருஷம் எந்தப் பாடம், எந்தக் கோடையில் களப்பயிற்சி, உதவித்தொகைக்கு எப்போது எழுதணும், எல்லாம். இவர் பதிலே சொல்லவில்லை. குச்சியால் நெருப்புக் கங்குகளைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பெரிய பைன் மரங்கள் நிற்கிற பிரீச்சர்ஸ் குரோவுக்குப் போனோம். செம்பைன் மரங்கள், 250 வருஷத்துக்கு மேல் வயசு. பட்டை செதில் செதிலாக, வெயில் படும்போது காவி நிறம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். நிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அம்மா, குட்டி மரம் எங்கே?' என்று கேட்டாள்.

குட்டி மரமே இல்லை மல்லி! கிழ மரங்கள் நிற்கின்றன, பேரப்பிள்ளை ஒன்றுகூட இல்லை. செம்பைன் விதை விழுந்து முளைக்க வெறும் மண்ணும் வெளிச்சமும் வேண்டும். முன்பெல்லாம் அவ்வப்போது காட்டுத்தீ தரையோடு ஓடிச் சருகையும் புதரையும் எரித்துவிட்டுப் போகும். கனத்த பட்டை இருப்பதால் பெரிய மரம் தப்பிக்கும், சாம்பல் மண்ணில் புதுக் கன்று எழும்பும். பூங்கா வந்த பிறகு தீயை அணைப்பதே பாதுகாப்பு என்று பல பத்தாண்டுகள் அணைத்துக்கொண்டே வந்தார்கள். தப்பித்தவறி முளைத்ததை மான் தின்றுவிடுகிறது. பனிக்காலத்தில் வேறு பச்சை கிடைக்காதபோது பைன் கன்றின் நுனி மொட்டைத்தான் கடிக்கும். நுனி போனால் கன்று ஓங்காது. இப்போது அவர்களே திட்டம் போட்டுத் தீ வைக்கிறார்கள், வேலி போட்டுக் கன்று வளர்க்கிறார்கள்.

அப்புறம் மொட்டுக்குத் தொப்பி போடுகிற வேலை. போன வருஷம் நிலா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வேறொரு காட்டில் இதைச் செய்திருக்கிறாள். எனக்குப் புரியவில்லை என்றதும் விறகு வாங்கிய ரசீதை எடுத்து என் கட்டைவிரலைச் சுற்றி மடித்தாள். விரல்நுனிக்கு மேலே கொஞ்சம் காகிதம் நிற்கிற மாதிரி விட்டு, பக்கத்தில் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் அழுத்திக் காட்டினாள். மொட்டைச் சுற்றியிருக்கிற ஊசி இலை நாலைந்தையும் சேர்த்துப் பின் அடிக்கணும், அப்போதுதான் காற்றுக்குக் கழன்று போகாது. மொட்டில் பின் பட்டுவிடக்கூடாது. மான் வந்து முகர்ந்தால் காகிதம்தான் வாய்க்கு வரும், விட்டுவிட்டுப் போய்விடும். வசந்தத்தில் மொட்டு காகிதத்தைத் தள்ளிக்கொண்டு மேலே வந்துவிடும். அடுத்த இலையுதிர் காலத்தில் மறுபடியும் போடணும். கன்று மானுக்கு எட்டாத உயரம் வரும்வரை வருஷா வருஷம் இதே வேலை. ஒவ்வொரு கன்றுக்கும், கையால், குளிரில்.

'நான் போட்ட கன்னு 200 வருஷம் நிக்கும்மா' என்றாள். அவள் முகத்தை அப்போது நீ பார்த்திருக்கணும்.

ஆறு பிறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பார்வையாளர் மையத்துக்கு மேரி கிப்ஸ் என்று பேர். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1903ல் பூங்காவின் ஆணையராக இருந்தவர் இறந்துபோக, மகள் மேரிக்கு அந்தப் பொறுப்பு வந்தது. வயசு 24. மரக்கம்பெனிக்காரர்கள் வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்கவிடுவதற்காக அணை கட்டி ஏரியைத் தேக்கியிருந்தார்கள். கரை மரங்களெல்லாம் தண்ணீரில் மூழ்கிச் செத்துக்கொண்டிருந்தன. மதகைத் திற என்று இந்தப் பெண் போய் நின்றாள். மதகில் கை வைத்தால் சுடுவோம் என்று துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்கள். அவள் கை வைத்தாள். அந்தப் பதவியில் அவளை ரொம்ப நாள் இருக்கவிடவில்லை. மரம் வெட்டுவதும் அதற்கப்புறம் பல வருஷம் நடந்தது. ஆனாலும் இன்றைக்கு அந்த வாசலில் நிற்பது அவள் பேர், கம்பெனி முதலாளி பேர் அல்ல.

நான் அந்தப் பலகையை வாசித்துவிட்டுத் திரும்புகிறேன், இவர் பின்னால் நின்று, 'இதெல்லாம் கதைக்கு நல்லாயிருக்கும். ஒரு பொண்ணுக்கு காட்டுல என்ன வேலை?' என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். மகள் ராத்திரியில் தனியாக ஜீப் ஓட்டிக்கொண்டு போவதை நினைத்துப் பயப்படுகிறார். அந்த வேலைக்கு முதலில் ஆறு மாதம், எட்டு மாதம் என்று தற்காலிகமாகத்தான் எடுப்பார்களாம். கம்ப்யூட்டர் படித்தால் கைக்கு வருகிற சம்பளத்தில் பாதி வருமா தெரியாது. இந்தக் கவலை எனக்கும் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். ராத்திரி தூக்கம் வராமல் நானும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் அந்த வார்த்தை, மல்லி. உங்க அப்பா சொன்ன அதே வார்த்தை. 'பொட்டப்புள்ளைக்குக் காட்டுல என்ன சோலி?'

மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் சீட் வந்திருந்த கடிதத்தைப் பச்சை டிரங்குப் பெட்டியின் அடியில், சேலைக்குக் கீழே வைத்திருந்தாய். முதல் வருஷம் பொங்கல் லீவுக்கு எல்லோரும் ஊருக்குப் போன அன்றைக்கு ராத்திரி எடுத்துக் காட்டினாய். நீ அழவில்லை. மடித்து உள்ளே வைத்துவிட்டு, 'வா, மெஸ் மூடிருவாங்க' என்றாய். உங்க அப்பாவைக் குறை சொல்லி ஒரு வார்த்தை அன்றைக்கும் சொன்னதில்லை, பிறகும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. களக்காட்டு மலையில் நம் டீச்சருக்கே பேர் தெரியாத செடியை நீ இலையைக் கசக்கி முகர்ந்து சொல்லுவாய். உன்னைவிடக் காட்டைத் தெரிந்த ஆளை நான் இங்கேயும் பார்க்கவில்லை.

நீ நல்ல டீச்சர், அதில் ஒரு சொல் குறையில்லை. உன்னிடம் படித்த பிள்ளைகள் மரத்துக்குப் பேர் சொல்லுகின்றன என்று ரெஜினா பெருமையாகச் சொல்கிறாள். ஆனால் நிலாவுக்கு ஒரு கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைக்கிற நிலைமை வரக்கூடாது. அதை நான் விடமாட்டேன்.

இவரோடு நான் பேசிப் பார்த்துவிட்டேன். நான் சொன்னால் அம்மாவும் மகளும் ஒரு கட்சி என்கிறார். உன் பேச்சுக்கு இவரிடம் தனி மரியாதை உண்டு, உனக்கே தெரியும். எங்கள் கல்யாணத்தில் தாம்பூலப் பைக்காக அந்தச் சண்டை வந்தபோது நீ ஒரே வார்த்தையில் அடக்கினாயே, அன்றையிலிருந்து 'மல்லி டீச்சர் சொன்னா சரி'தான். நீ வக்காலத்து வாங்க வேண்டாம். உனக்கு நடந்ததைச் சொல், போதும். சொல்ல மனசில்லை என்றால் அதுவும் வேண்டாம், வேறு எதையாவது பேசு, நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

நிலாவிடமும் தனியாகப் பேசு. அவளுக்கு இனிப்பாகச் சொல்லாதே. இருபது டிகிரி மைனஸில் மரம் அளக்கிற வேலை, ஆள் நடமாட்டமில்லாத இடம், மாதக் கடைசியில் கையைப் பிசைகிற சம்பளம், எல்லாவற்றையும் கேள். அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று எனக்குச் சொல். நான் கேட்டால் அம்மாவுக்கு என்று ஒரு பதில் வைத்திருப்பாள். அந்தக் கடிதம் இன்னும் உன்னிடம் இருந்தால் அவளுக்குக் காட்டு.

அடுத்த ஜூனில் நீ இங்கே வரணும். இந்தத் தடவை சாக்கு கேட்க மாட்டேன். சின்னவள் பிளஸ் டூ முடித்திருப்பாள், பள்ளிக்கூடத்தில் முன்னாலேயே லீவு சொல்லிவை. கூடாரத்துக்கு இடம் 120 நாள் முன்னாலேயே பதிவு திறந்துவிடும், ஏரியை ஒட்டிய 'பேர் பா' (Bear Paw) என்கிற முகாமில் இடம் பிடிக்க நான் காலையிலேயே உட்கார்ந்துவிடுவேன். லூன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துகிற காலம். இந்த மாநிலப் பூவான லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஜூன் கடைசியில் பூக்கும். பையைப் போலத் தொங்குகிற இதழ், வெள்ளையில் ரோஸ் கலந்து. விதையிலிருந்து முதல் பூ வரப் பத்துப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகுமாம். பறிக்கக்கூடாது, செடியை அழுத்தி ஒட்டுகிற ஹெர்பேரியம் தாளைக் கொண்டுவராதே! ஏய்ட்டன் ஹைட்ஸில் தீ பார்க்கிற கோபுரம் ஒன்று 100 அடி உயரத்துக்கு இருக்கிறது. அதில் நீயும் நிலாவும் ஏறுங்கள், நான் கீழே பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

விசாவுக்கு இப்போதே எழுதிப்போடு, தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. அழைப்புக் கடிதம் தனியாக அனுப்புகிறேன்.

நவம்பருக்குள் அவள் விண்ணப்பம் போடணும். சனிக்கிழமை இவர் வீட்டில்தான் இருப்பார். எங்களுக்குக் காலை எட்டு மணி, உனக்கு மாலை ஆறரை. வீடியோவில் கூப்பிடு. முதலில் இவரிடம் பேசு, நான் காபியைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

உன்,
செல்வி