பாதி மூடிய வால்வு: குழாய்களை வரைபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடிவமைப்புப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் வரைந்து கொடுக்கும் பம்ப் அறைகளை ஓட்டுகிறவன் நான். ஆலை ஓடத் தொடங்கும்போது நீங்கள் அடுத்த வேலைக்குப் போயிருப்பீர்கள், அதனால்தான் கடிதம்.

என் பொறுப்பில் இருக்கும் ஒரு பம்பின் வெளியேற்றக் குழாயில், பாய்வைக் கூட்டிக் குறைக்கும் குளோப் வால்வு ஒன்று இருக்கிறது. அதன் சக்கரத்தைப் பாதி மூடிய நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறோம். முழுக்கத் திறந்தால் தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ந்து சுமை தாங்காமல் மோட்டார் ட்ரிப் ஆகி நின்றுவிடும். வால்வில் கை வைத்தால் நடுக்கம் தெரியும். பக்கத்தில் நின்றால் மணலைச் சலிப்பதுபோல் ஒரு சத்தம். மோட்டார் செய்த வேலையில் ஒரு பங்கு அங்கேயே சூடாக மாறித் தண்ணீரோடு போய்விடுகிறது. தெர்மாமீட்டரை நம்பவும் முடியாது: 10 மீட்டர் ஹெட் (பம்ப் தரும் அழுத்தத்தைத் தண்ணீர் ஏறக்கூடிய உயரமாகச் சொல்வது) முழுசாக வீணானாலும் தண்ணீர் ஒரு டிகிரியில் நாற்பதில் ஒரு பங்குகூடச் சூடேறாது.

இது எப்படி வந்தது என்று பழைய கணக்குத் தாள்களைப் புரட்டினேன். தவறு என்று யாரையும் சொல்ல முடியவில்லை. ஒருவர் பாய்வில் 10 சதவீதம் கூட்டியிருக்கிறார். உராய்வு இழப்பு பாய்வின் வர்க்கத்தில் ஏறுவதால் ஹெட் 1.21 மடங்கானது. அடுத்தவர் அதன்மேல் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 20 சதவீதம் வைத்தார். பாய்வையும் ஹெட்டையும் பெருக்கிப் பாருங்கள், திறன் 1.6 மடங்கு. இதற்குப் பிறகுதான் பம்ப் விற்பவர் வந்து அடுத்த பெரிய சைஸைக் காட்டுகிறார்.

மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியை மாட்டினால் சரியாகிவிடும் என்பீர்கள். உராய்வு மட்டுமே உள்ள சுற்றில் வேகத்தை 80 சதவீதமாக்கினால் திறன் பாதியாகும், உண்மைதான். உயரத்துக்கு ஏற்றும் பம்பில் அந்தக் கணக்கு செல்லாது. ஒல்லியான பைப்பின் இழப்பையும் அது போக்காது.

பைப் விஷயத்தில்தான் எனக்கு அதிக வருத்தம். அதே பாய்வுக்கு விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் உராய்வு இழப்பு ஏறக்குறைய 32-இல் ஒரு பங்காகிறது. 4 அங்குலத்தை 5 ஆக்கினாலே மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். 1997-இல் ஷாங்காயில் அமையவிருந்த இன்டர்ஃபேஸ் தரைவிரிப்பு ஆலைக்கு ஒரு பம்பிங் சுற்று 95 குதிரைத்திறனில் வரையப்பட்டிருந்தது. பொறியாளர் யான் ஸ்கில்ஹாம் அதைத் திருத்தி 7 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்தார். புதுக் கருவி எதுவும் இல்லை. தடித்த குழாய், சின்ன பம்ப், அப்புறம் ஒரு வரிசை மாற்றம்: முதலில் குழாயை நேராக வரைந்து, கருவிகளைப் பிறகு அதற்கேற்ப வைத்தார். நாம் கருவிகளை வைத்துவிட்டு குழாயை எல்போ என்ற வளைவுத் துண்டுகளாகப் போட்டு வளைக்கிறோம்.

வெப்பத்துக்கு வருகிறேன். இன்சுலேஷன் போட்டால் இழப்பு தீர்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 127 டிகிரியில் உள்ள 100 கிலோவாட் வெப்பத்தை 77 டிகிரிக்கு மாற்றும் வெப்பப் பரிமாற்றியில் ஒரு துளி வெப்பமும் வெளியே கசியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனர்ஜி பேலன்ஸில் 100 உள்ளே, 100 வெளியே. ஆனால் சுற்றுப்புறம் 27 டிகிரி என்றால், அந்த வெப்பத்தால் செய்திருக்கக்கூடிய வேலையில் சுமார் 11 கிலோவாட் அங்கேயே செத்துவிட்டது. 117 டிகிரிக்கு மாற்றியிருந்தால் இழப்பு 2-ஐத் தொட்டிருக்காது. சுற்றுப்புறத்தின் கெல்வின் வெப்பநிலையை உருவான என்ட்ரோபியால் (வெப்பம் பயன்படுத்த முடியாதபடி சிதறியதன் அளவு) பெருக்கினால் இழந்த வேலை கிடைக்கும். இயற்பியலாளர் கூயியும் பொறியாளர் ஸ்டோடோலாவும் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னதுதான்.

ஆனால் வெப்பநிலை வேறுபாட்டைக் குறைக்கப் பரிமாற்றியின் பரப்பு கூட வேண்டும், அல்லது திரவத்தை வேகமாக ஓட்ட வேண்டும். வேகத்தை இரட்டித்தால் வெப்பப் பரிமாற்றக் குணகம் (வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதன் அளவு) சுமார் 1.7 மடங்குதான் ஏறும். பம்ப் திறனோ 7, 8 மடங்கு. ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறுகிறது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து பொறியியல் பேராசிரியர் ஏட்ரியன் பெஜான், உராய்வு, வெப்பம் என்ற இரண்டு இழப்பையும் ஒரே அலகில் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவு என்று தேடக் கற்றுக்கொடுத்தார். உங்கள் வரைபடங்களில் அழுத்த இழப்பு ஒரு தாளில், வெப்பநிலை வேறு தாளில். கூட்டுவார் இல்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: ஒவ்வொரு வால்வு, பரிமாற்றி, குழாய்ப் பகுதிக்கும் பக்கத்தில், அது தின்னும் வேலையைக் கிலோவாட்டில் எழுதுங்கள். யார் எவ்வளவு மார்ஜின் வைத்தார் என்பதையும் ஒரே இடத்தில் எழுதுங்கள், அடுத்தவர் அதன்மேல் இன்னொன்றை ஏற்றாமல் இருக்க.

என் வால்வு விஷயம்: அடுத்த ஷட்டவுனில் பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்க அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தால் சங்கிலியைக் கழற்றிவிடலாம். பைப்பை ஒன்றும் செய்ய முடியாது, அது கான்கிரீட்டுக்குள் இருக்கிறது.

இப்படிக்கு,
பம்ப் அறையிலிருந்து ஒருவன்