வண்டி போட்டோக்கள் வந்தன

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு மழை நாளில் முழங்கால் வலி கூடுகிறது, மற்றபடி குறையொன்றும் இல்லை. உன்னிடம் போனில் பேசினால், நான் பாதி சொல்வதற்குள் "சரிப்பா, பார்க்கிறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

நீ வாங்கியிருக்கிற பழைய சரக்கு வண்டியின் படங்களைத் தங்கச்சி போனுக்கு அனுப்பியிருந்தாயே, எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்துக்கு மேலே தேதியும் நேரமும் விழும் என்று அவள்தான் காட்டினாள். ஒன்று செவ்வாய்க்கிழமை காலை 11 மணி. இன்னொன்று வியாழக்கிழமை மத்தியானம். நல்ல வெயில் இருந்ததால் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், தெளிவாகத் தெரிந்தது.

டாடா மொபைல் 206 என்று பார்த்ததுமே சொல்லிவிட்டேன். 1988-ல் அது வந்தபோது கம்பெனிக்கு டெல்கோ என்றுதான் பெயர். டெப்போ வாசலில் ஒரு காண்ட்ராக்டர் கொண்டுவந்து நிறுத்தினார், டூட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஸ்பேனரோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தோம். லாரியையும் பஸ்ஸையும் செய்கிற கம்பெனி, கார் மாதிரி கதவு வைத்து ஒரு சரக்கு வண்டி செய்திருக்கிறதே என்று இருந்தது. பிறகு 91-ல் சியரா, 94-ல் சுமோ என்று வந்ததெல்லாம் இதன் வழியில்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் வண்டியில் இருப்பது 1948 சிசி டீசல் என்ஜின், பழைய சுமோவிலும் அதே என்ஜின்தான். புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் போய் "206 பார்ட்ஸ்" என்று கேட்டால் அபூர்வப் பொருள் மாதிரி விலை சொல்வான். பழைய சுமோவுக்கு என்று கேள். கையில் பழைய சாமானைக் கொண்டு போய், பக்கத்தில் வைத்து, அளந்து பார்த்து வாங்கு. வாங்கியதைப் போட்டுப் பார்க்கும்வரை பழையதைத் தூக்கி எறியாதே.

45,000 கொடுத்து வாங்கினேன் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறாய். வாங்குவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் டெப்போவில் வண்டிக்கு அடியில் படுத்தவன் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். சரி, வாங்கியாகிவிட்டது.

பெயின்ட் அடிக்காதே. மூன்றாவது படத்தில் நீல பெயின்ட் டப்பா ஒன்று தெரிகிறது, அதை மூடி ஓரமாக வை. முதலில் சேஸிஸ். பின்பாடிக்குக் கீழே படுத்து, சின்ன சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீர் என்று பேசும். அரித்த இடம் தொம்மென்று சொல்லும். கமான் பட்டை மாட்டுகிற பிராக்கெட்டுகளைச் சுற்றி முக்கியமாகப் பார். கேபினுக்குள் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தாயா? கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும், அது அடைத்துத்தான் கதவு உள்ளிருந்து அழுகும். துருவின் மேல் பட்டி வைத்துத் தேய்த்துவிட்டால் ஒரு மழைக்குத் தாங்கும். துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டு பிடிக்க வேண்டும். வெல்டு வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிடு.

இடது பக்கக் கதவுப் படியில் நீயே வெல்டு வைத்ததாகத் தங்கச்சி சொன்னாள். நான் நம்பவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். ஆரம்பத்தில் தடுமாறியிருக்கிறது, போகப்போக ஒரே சீராக விழுந்திருக்கிறது. என்னிடம் வேலை பழகிய பையன்களில் பாதிப் பேருக்கு இந்தக் கை வரவில்லை. காலேஜில் ஒர்க்‌ஷாப் வகுப்புக்கு மட்டம் போட்டவன்தானே நீ என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இதற்கெல்லாம் அவனுக்கு நேரம் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

என்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாயா என்று தெரியவில்லை. பார்க்கவில்லை என்றால் நல்லது. வருஷக்கணக்கில் நின்ற என்ஜினுக்கு நேராக செல்ஃப் கொடுக்கக் கூடாது. ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிடு. மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்று. முரண்டு பிடித்தால் பலம் காட்டாதே, மறுபடி ஆயில் விட்டுக் காத்திரு. டீசல் டேங்கைக் கழற்றிக் கழுவாமல் புது டீசல் ஊற்றாதே, அடியில் தண்ணீரும் சேறும் நிற்கும், அது பம்புக்குள் போனால் உன் பட்ஜெட் அதோடு முடிந்தது. ஃபில்டர் மாற்று, ஏர் எடு. ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பார். கறுப்பாக வந்தால் நாசிலையும் ஏர் ஃபில்டரையும் பார். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் வேலை இருக்கும். வெள்ளையாக வந்து என்ஜின் சூடானதும் நின்றுவிட்டால் பயமில்லை, ஹீட்டர் பிளக்தான்.

எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று ஒரு கணக்கு உண்டு. கதவு, கண்ணாடி, சீட், பம்பர், மீட்டர் எல்லாம் பழையதே போதும். பிரேக் ரப்பர், ஹோஸ், வீல் சிலிண்டர், ஸ்டியரிங் பால் ஜாயின்ட், டயர் இவை புதுசு. டயர் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதே. பக்கவாட்டில் நாலு எண் அடித்திருக்கும், 2311 என்றால் 2011-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. உன் முன் டயரில் அந்த இடத்தில் சேறு அப்பியிருக்கிறது, துடைத்துப் பார்.

பேப்பர் விஷயம் சேஸிஸைவிட முக்கியம். ஆர்.சி.யில் உள்ள பெயரும் உனக்கு விற்றவர் பெயரும் ஒன்றுதானா? ஒன்றென்றால் பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. ஆர்.சி.காரர் காலமாகிவிட்டார் என்றால் வாரிசு ஃபாரம் 31-ல் எழுத வேண்டும். ஃபைனான்ஸ் பெயர் ஆர்.சி.யில் நின்றால் ஃபாரம் 35. கடன் என்றைக்கோ அடைந்திருந்தாலும் அந்தப் பெயரை எடுக்காமல் வண்டி உன் பெயருக்கு வராது. சேஸிஸ் நம்பரை நீயே பென்சிலால் தேய்த்து எடுத்து ஒப்பிட்டுப் பார். சரக்கு வண்டி எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் உன் பெயின்டைப் பார்த்து மயங்க மாட்டார், பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்றால் பெர்மிட் வேண்டியதில்லை, எடை ஆர்.சி.யிலேயே இருக்கும். தனி பேட்ஜும் தேவையில்லை, உன் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவும் வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால். வாடகைக்கா, ஆசைக்கா என்று நீ யாரிடமும் சொல்லவில்லை. ஆசைக்கு என்றால் தப்பில்லை, உழைக்கிற மனுஷனுக்கு ஒரு ஆசை இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் வேலை செய்கிற வரிசை வேறு. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவன் வண்டியை முழுசாகப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றாக, இரண்டு வருஷம் எடுத்துச் செய்யலாம். அப்படி இல்லாத நேரத்தில் வண்டியைப் பிரிக்கவே கூடாது. நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், ஓட வேண்டும். பிரேக், ஸ்டியரிங், என்ஜின், பேப்பர். அதோடு ரோட்டில் இறக்கி, அது சம்பாதித்துக் கொடுக்கிற காசில் மற்றதைச் செய்ய வேண்டும். உன் படங்களில் முன்பக்கம் மொத்தமும் பிரித்துக் கிடக்கிறது. எந்த வரிசையில் போகிறாய் என்று எனக்குத் தெரிந்தால்தானே நான் புத்தி சொல்ல முடியும்?

ஷெட் ஓரத்தில் உன் பைக் எப்போதும் நிற்குமே, கடைசிப் படங்களில் காணோம். சர்வீஸுக்கு விட்டிருக்கிறாயா? மருமகளிடம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசினாள், நன்றாகத்தான் பேசினாள். வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பேசினாள் என்று அம்மா சொன்னாள். தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்து தை மாதம் வைத்திருக்கிறார்கள், தாய்மாமன் சீர் என்று நீ சிரமப்பட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். இதற்காக எங்கும் கைநீட்டாதே. வண்டிக்கும் வட்டிக்கு வாங்காதே. தேவை என்றால் என்னிடம் கேள். பி.எஃப். பணத்தில் அம்மா தொடவிடாமல் வைத்திருக்கிற பகுதி அப்படியே பாங்கில் இருக்கிறது, அவளே போன வாரம் அதைப் பற்றிப் பேச்செடுத்தாள். நான் எடுக்கவில்லை.

பெயின்ட் அடிக்காதே என்று சொன்னேனா? இன்னொரு தடவை சொல்கிறேன்.

நான் வருகிறேன். என் டார்க் ரெஞ்சும் புல்லரும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். அம்பையிலிருந்து திருநெல்வேலி வந்து நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் எழும்பூர். வருகிற புதன்கிழமை வந்து இறங்கலாம் என்று நினைக்கிறேன். அன்றைக்கு உனக்கு ஆபீஸ் இருந்து லீவு போட வேண்டியிருக்கும் என்றால் சொல், சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறேன். லீவு போட வேண்டியதில்லை என்றால் அதையும் சொல். எதுவானாலும் எனக்கு ஒன்றுதான், ஷெட்டுக்கு எந்த பஸ் என்று எழுது.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. உன் பதிலைப் பார்த்து எடுக்கிறேன். வெல்டிங் கண்ணாடி போடாமல் நீ வெல்டு வைக்கிற படத்தை அம்மா பார்த்துவிட்டாள், அதற்குத் தனியாகத் திட்டு வரும்.