ஞாயிறு பயிற்சிக்கு என்னென்ன வேண்டும்?

நண்பர்களே, வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பச்சைத்தோல் வாரில் நாலிழைப் பின்னல் தொடங்குகிறோம். கலிபோர்னியாவின் வக்கேரோக்கள் (குதிரையேறி மாடு மேய்ப்பவர்கள்) குதிரையின் மூக்கைச் சுற்றி மாட்டும் பொசாலைப் பின்னுவதும் இதே பச்சைத்தோலில்தான். பதனிடாத தோல், நம்மூர் மிருதங்க வாரும் அந்த ரகம்தான். நாய்கள் கடிக்க விற்கும் வெள்ளைத் தோல் வேண்டாம். அது வெளுத்தது, இழுத்தால் அறுந்துவிடும்.

ஒரு மீட்டர் பின்னலுக்கு ஒவ்வொரு வாரும் ஒன்றரை மீட்டராவது இருக்கட்டும். அகலம் கடைசிவரை ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம், அதனால் கையால் குத்துமதிப்பாக வெட்டாதீர்கள். அளவு வைத்து வெட்டும் கருவி என்னிடம் இரண்டு இருக்கிறது. கூரான கத்தி, மழுங்கிய குத்தூசி, சேணச் சோப்பு (தோலுக்குப் போடும் சோப்பு) மட்டும் கொண்டுவந்தால் போதும். ஓரங்களைச் சீவுவதை அங்கேயே பார்ப்போம்.

அப்புறம், ஈரப் பதம். போன மாதம் வாரை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுவிட்டேன். மறுநாள் கொழகொழவென்று நீண்டது. பின்னும்போது அழகாகத்தான் இருந்தது. காய்ந்ததும் இழைக்கு இழை இடைவெளி! நனைத்து எடுத்து, ஈரத் துண்டில் சுற்றி வையுங்கள். கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், ஆனால் ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் சொல்லிவிடுங்கள். கத்திக்கு உறை கட்டாயம்.