மூடியிருந்த நாற்பது நாள்

அன்புள்ள அத்தைக்கு,

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து உங்கள் மருமகன் எழுதுவது. நாங்கள் நால்வரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததை உங்கள் மகள் அன்றிரவே தொலைபேசியில் சொல்லியிருப்பாள். சின்னவன் தலையில் நீங்கள் கட்டிவிட்ட துணி ஈப்போ வருவதற்குள் கழன்றுவிட்டதை மட்டும் அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்பதால் அதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரயில் பெட்டியின் குளிர் அவனை ஒன்றும் செய்யவில்லை.

திருமணமான இந்த ஆறு ஆண்டுகளில் நாம் இருவரும் நீளமாகப் பேசியதே இல்லை. "பசியாறியாச்சா மாப்பிள்ளை?" என்று நீங்கள் கேட்பீர்கள், "ஆச்சு அத்தை" என்று நான் சொல்வேன், அத்துடன் நீங்கள் அடுப்படிக்கும் நான் கைபேசிக்கும் திரும்பிவிடுவோம். மரியாதை என்ற பெயரில் நம் வீடுகளில் நிலவும் இந்த மௌனம் இருவருக்குமே வசதியாக இருந்தது. அதற்குள் என்னவெல்லாம் ஒளிந்துகொள்ளும் என்பதை இந்த வைகாசியில்தான் தெரிந்துகொண்டேன். வாயால் சொல்லத் தொடங்கினால் நீங்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சின்னவன் பங்குனி தொடக்கத்தில் பிறந்தபோது எனக்கு அலுவலகத்தில் கிடைத்தது 7 நாள் விடுப்பு. தனியார் துறையில் வேலை செய்யும் அப்பாக்களுக்கு அந்த ஏழு நாளும் 2023 ஜனவரியிலிருந்துதான் சட்டப்படி கிடைக்கிறது. மூத்தவள் பிறந்த காலத்தில் அதுவும் இல்லாமல் ஆண்டு விடுப்பில் கைவைத்தேன். உங்கள் மகளுக்கும் அப்போது 60 நாள்தான். அறுபத்தோராம் நாள் காலையில் பால் கட்டிய வலியோடு அவள் கொம்யூட்டர் ரயிலில் ஏறி வேலைக்குப் போனதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே சட்டத்திருத்தம் தாய்மார் விடுப்பை 98 நாளாக உயர்த்தியதால்தான், இரண்டரை மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வரலாம் என்ற எண்ணமே இம்முறை எங்களுக்கு வந்தது.

என் ஏழு நாள் முடிவதற்கு முன்பே நீங்கள் பினாங்கிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கினீர்கள். இரண்டு பைகளில் ஒன்றில் உங்கள் உடைகள். மற்றொன்றில், அதுதான் பெரியது, சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் இடித்து வைத்த மருந்துப் பொடி, நல்லெண்ணெய், பூண்டு, சாம்பிராணி. மறுநாளே செந்தூல் சந்தைக்குப் போய்ப் பால்சுறா கேட்டுப் பேரம் பேசினீர்கள். சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, எண்ணெயில் வதக்கிய பூண்டு என்று உங்கள் மகளுக்கு ஒரு தட்டு, அவள் சாப்பிடுவதை ஏக்கத்தோடு பார்த்த எனக்கு வேறொரு தட்டு. சுகாதார நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த தாதி, குழந்தைக்கு மஞ்சள் காமாலை இலேசாகத் தெரிகிறது, வெயிலில் காட்ட வேண்டாம், நாளை நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றபோது, காலை வெயிலுக்காகச் சன்னல் ஓரம் விரித்து வைத்திருந்த பாயை நீங்கள் ஒரு சொல்லும் பேசாமல் சுருட்டி வைத்ததைக் கவனித்தேன். ஆனால் பிள்ளை பெற்றவள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அதே தாதி சொன்னது மட்டும் உங்கள் காதில் விழவேயில்லை. அந்த விஷயத்தில் நான் தாதியின் கட்சி என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அந்த நாட்களில் விடியற்காலை மூன்று மணிக்கு நான் பாட்டில் கழுவ எழுந்து வரும்போதெல்லாம் நீங்கள் சமையலறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பீர்கள். தொட்டிலின் ஸ்பிரிங் சத்தம் நின்றிருக்கும், வீடு முழுவதும் தூங்கும், உங்கள் கைகள் மடியில் சும்மா கிடக்கும். வயதானவர்களுக்குத் தூக்கம் குறைவு என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பிப் போய்ப் படுத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது சற்று வெட்கக்கேடானது. பத்தியம் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்தலாமா என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். ஒரு மாதத்துக்கு 4,500 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். நீங்கள் வருவதாகச் சொன்னதும் அந்தத் தொகை மிச்சம் என்று அலுவலகத்தில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். "மாமியார் இருந்தால் இதுதான் வசதி" என்றுகூடச் சொன்னதாக நினைவு.

பிறகு மே மாதம் வந்தது, மூத்தவளின் பாலர் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். கோடை என்று தனியாக ஒரு பருவம் நம் நாட்டில் ஏது? கோலாலம்பூரில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதே மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும்தான். இருந்தாலும், அக்கினி நட்சத்திரம் முடியட்டும், பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று நீங்கள் சொன்ன ஒரு சொல்லுக்காகப் பயணத்தை மே 30-க்குத் தள்ளி வைத்தோம்.

காரில் போயிருந்தால் மூத்தவள் தஞ்சோங் மாலிம் தாண்டும் முன்பே தூங்கியிருப்பாள். ரயிலில் அவள் கண்ணை மூடவேயில்லை. 2015 முதல் பட்டர்வொர்த் வரை ஓடும் இ.டி.எஸ். என்ற மின்சார ரயில் ஏறத்தாழ 4 மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அந்த நான்கு மணி நேரமும் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் மலையைக் குடைந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் போகும் சுரங்கப்பாதையில் சன்னல் கறுத்து அதில் தன் முகமே தெரிந்தபோது, "இரவு வந்துடுச்சா, பாட்டி தூங்கியிருப்பாங்களே" என்று அழுகைக்குத் தயாரானாள். தைப்பிங்கைக் கடந்து புக்கிட் மேரா ஏரிக்குள் தண்டவாளம் நுழைந்து இரண்டு பக்கமும் தண்ணீராக மாறியதும், ரயில் கப்பலாகிவிட்டது என்று பெட்டி முழுவதற்கும் அறிவித்தாள். கிரியான் வயல்களுக்குப் பாசன நீர் தருவதற்காக 1906-இல் அமைத்த ஏரி அது என்று நான் விளக்கத் தொடங்கினேன். பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்க்கார அம்மா சிரித்துக்கொண்டே அவளுக்கு ஒரு கரிபாப் கொடுத்தார், என் விளக்கம் அத்துடன் முடிந்தது. சின்னவன் பாரிட் புந்தார் வரை அதே அம்மாவின் தோளில் தூங்கினான்.

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் பாலத்தில் வராமல் ஃபெரியில்தான் வர வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாகச் சொன்னதற்குக் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. உங்கள் மகளின் நினைவில் இருப்பது கார்களையும் ஏற்றிக்கொண்டு அசைந்து அசைந்து வரும் பழைய ஃபெரி. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புதிய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மிதிவண்டிகளும்தான். 2 வெள்ளி, கால் மணி நேரத்துக்கும் குறைவு. இது ஃபெரியே இல்லை என்று அவள் முகம் சுளித்தபோதும், தீவு நெருங்க நெருங்க அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. கரையில் நீங்கள் கறுப்புக் குடையோடு நின்றிருந்தீர்கள். பாலத்தில் வந்திருந்தால் உங்களால் எங்களை அப்படித் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நிற்க முடிந்திருக்காது.

கொடிமலைக்குப் போனதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, படங்கள் உங்களிடம் இருக்கின்றன. நடுவழியில் இறங்கிப் பெட்டி மாறிய பழைய மலைரயில் 2011-இல் மாற்றியமைக்கப்பட்டு இப்போது நேராக உச்சிக்கே போகிறது என்பதில் உங்களைத் தவிர எல்லோருக்கும் மகிழ்ச்சி. மேலே முருகன் கோயிலில் சின்னவனைக் கிடத்தி எடுத்தபோது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நேரம் மட்டும் வழக்கத்தைவிட நீண்டது. பாலிக் பூலாவில் டுரியான் தின்றது வேறு கதை. மரத்திலிருந்து தானாக விழுந்த பழத்தை அன்றைக்கே தின்ன வேண்டும் என்று தோட்டக்காரர் பிளந்து பிளந்து வைக்க, பால் கொடுப்பவளுக்குச் சூடு ஆகாது என்று நீங்கள் உங்கள் மகளைத் தள்ளி உட்கார வைத்தீர்கள். கடைசியில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து 'ஆங் ஹே' பழத்தில் ஒரே ஒரு சுளையை நீங்களே அவள் வாயில் வைத்ததை நான் பார்த்துவிட்டேன்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மூத்தவள் உங்களோடு கடைக்கு வருவேன் என்று அடம்பிடித்ததால் பானையைத் தூக்கிக்கொண்டு நானும் வந்தேன். ஆறு ஆண்டுகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்குமே ஆயர் ஈத்தாமுக்கு வந்திருக்கிறேன், அப்போதெல்லாம் கடைக்கும் விடுமுறை. உங்கள் இடியாப்பத்தைச் சாப்பிட்டிருக்கிறேனே தவிர, நீங்கள் அதை விற்றுப் பார்த்ததில்லை. நீங்கள் மாவு பிசையத் தொடங்கியபோது சுவர்க்கடிகாரம் மூன்று காட்டியது. எங்கள் சமையலறை இருட்டில் உங்கள் கைகள் மடியில் சும்மா கிடந்த அதே மூன்று மணி. அப்போதே எனக்குள் ஏதோ உறுத்தியது.

சந்தை ஓரத்தில் மேசையைப் போட்டு, தேங்காய்ப்பூவையும் பழுப்புச் சீனியையும் எடுத்து வைத்தபின் முதலில் வந்தவர் ஒரு சீன முதியவர். அவர் ஹொக்கியனில் ஏதோ கடிந்துகொள்ள, நீங்களும் ஹொக்கியனிலேயே பதில் சொல்லிச் சிரித்து, கைகளைத் தொட்டில்போல் ஆட்டி, என்னைச் சுட்டிக் காட்டினீர்கள். அவர் என் பக்கம் திரும்பி மலாயில் பேசினார். பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே மூன்று பொட்டலம் வாங்குகிறாராம். நாற்பது நாள் உங்களைக் காணாததால் இறந்துவிட்டீர்களோ என்றே நினைத்தாராம். பிறகு, தெருவிளக்குக்குக் கீழே ஓர் இளைஞர் நாசி லெமாக் அடுக்கிக்கொண்டிருந்த மேசையைக் காட்டி, அதுதான் உங்கள் இடம், நீங்கள் இல்லாதபோது போய்விட்டது என்றார். நாம் நின்றிருந்தது அதிலிருந்து ஆறேழு எட்டு தள்ளி, வெளிச்சம் எட்டாத சாக்கடை ஓரம். பழைய வாடிக்கையாளர்கள் இருவர் அந்த மேசையருகே நின்று நாலாபுறமும் பார்த்துவிட்டு நாசி லெமாக் வாங்கிக்கொண்டு போனதை அன்று காலையில் நானே பார்த்தேன். நீங்கள் கூப்பிடவில்லை.

அன்றிரவு உங்கள் மகளைக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் பத்தாம் நாளே பேருந்து ஏற்றி அனுப்பிவிடுவார், சொல்லாதே என்று நீங்கள் சத்தியம் வாங்கினீர்களாம்.

தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அத்தை. பொட்டலம் 2 வெள்ளி 50 காசு, நாளுக்குச் சுமார் 60 பொட்டலம், திங்கட்கிழமைகளைக் கழித்து 34 நாள்: 5,100 வெள்ளி. மாவு, தேங்காய், எரிவாயு இவற்றையெல்லாம் கழிக்க வேண்டும், எவ்வளவு கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு கழித்தாலும், நான் மிச்சம் பிடித்ததாக அலுவலகத்தில் பெருமையடித்துக்கொண்ட பணத்தில் ஒரு பங்காவது உங்கள் மேசையிலிருந்து வந்தது. போன இடத்துக்கும், வேறு கடைக்குப் பழகிவிட்ட வாடிக்கைக்கும் எந்த எண்ணைப் போடுவது?

இதைப் பலரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், என்னைப் போன்ற மருமகன்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம் என்பதே. அத்தை வந்து பார்த்துக்கொள்வார் என்று சொல்லும்போது, அத்தை எதை விட்டுவிட்டு வருகிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. சம்பளச்சீட்டு உள்ளவர்களுக்குத்தான் விடுப்பு என்ற ஒன்று இருக்கிறது. எனக்கு 7 நாளும் உங்கள் மகளுக்கு 98 நாளும் தந்த சட்டத்தில் இடியாப்பம் விற்கும் பாட்டிக்கு ஒரு நாள்கூட இல்லை. அந்த நாற்பது நாளையும் நீங்களே உங்களுக்கு, சம்பளமில்லாமல், எடுத்துக்கொண்டீர்கள்.

எனவே, நன்றி அத்தை. மருந்துக்கும் சுறாப்புட்டுக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்; ஆனால் முதலாவதாக, இருட்டில் சும்மா கிடந்த அந்தக் கைகளுக்கு.

நாங்கள் கிளம்பும் நாளில் அட்டைப்பெட்டியை வெட்டி, "இடியாப்பக் கடை இங்கே" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி அம்புக்குறி போட்டுத் தெருவிளக்குக் கம்பத்தில் கட்டினேன் அல்லவா? சீன எழுத்தை அந்த முதியவர் எழுதிக் கொடுத்தார், மூன்றில் அவர் கையெழுத்துதான் அழகு. முதல் மழைக்கே அது நைந்துபோயிருக்கும். அதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தேன். அதே எழுத்துகளைப் பெரிதாக அச்சிட்டு, தண்ணீர் படாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். அம்புக்குறி இம்முறை சிவப்பு.

உங்கள் இடியாப்பத் தட்டுகளில் ஒன்று குறைந்திருக்கும், தேடாதீர்கள். மூத்தவளின் பையில் இருந்தது. திரும்பும் ரயிலில் அதைப் பிடித்துக்கொண்டு ஈப்போ வரை அவள்தான் ஓட்டினாள். கழுவிக் காய வைத்திருக்கிறோம். ஆடி பிறப்பதற்குள் ஒரு சனிக்கிழமை தட்டையும் பலகையையும் கொண்டுவருகிறேன். அன்று மாவு பிசைய மூன்று மணிக்கு என்னையும் எழுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்