எரிக் போட்ட கையெழுத்து

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறையில் பிள்ளைகள் ‘பொம்மைப் படம்’ பார்த்தே பொழுதைக் கழிக்கிறார்கள் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் வருந்தியிருந்தார். போன மாதம்வரை நானும் அவர் கட்சிதான். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, “ஒரே ஒரு எபிசோட் பாருங்கள் தாத்தா, பிடிக்கவில்லை என்றால் இனிக் கேட்கவே மாட்டேன்” என்று மடிக்கணினியை முன்னால் வைத்தாள். 2017-இல் ஜப்பானில் ஒளிபரப்பான ‘பிரின்சஸ் பிரின்சிபல்’ என்ற அனிமே தொடர். 24 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அன்றிரவு எனக்கு வெகு நேரம் தூக்கம் பிடிக்கவில்லை.

கதை நடப்பது நீராவியும் பல்சக்கரமும் ஆளும் ஒரு கற்பனை லண்டனில். இந்த வகைக்கு ஸ்டீம்பங்க் என்று பெயராம். கேவரைட் என்ற பொருளால் புவியீர்ப்பை வென்று, வானில் போர்க்கப்பல் ஓட்டுகிறது ஆல்பியன் அரசு. (எச். ஜி. வெல்ஸ் 1901-இல் எழுதிய நிலவுப் பயண நாவலில் வரும் பெயர் அது.) புரட்சியில் நாடு இரண்டாகி, லண்டன் நடுவே பெரிய சுவர் எழுந்து நிற்கிறது. பெர்லின் சுவர் 1989-இல் இடிபட்ட செய்தியை நாளேட்டில் வரிவிடாமல் படித்தவன் நான். அந்தச் சுவரைத் திரையில் கண்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளி மாணவியர் என்ற போர்வையில் ஐந்து பெண்கள் உளவு பார்க்கிறார்கள். அவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்ற முன்கதை கிடையாது. முதல் எபிசோடையே பதின்மூன்றாவது வழக்கு என்று எண்ணிட்டு, ஓடும் கதைக்குள் நம்மைத் தள்ளிவிடுகிறார் இயக்குநர் மசாகி தச்சிபானா. முதல் வழக்கு இரண்டாவது எபிசோடில்தான் வருமாம். பார்ப்பவரின் அறிவை இவ்வளவு நம்புகிறவர்களை நம் தொலைக்காட்சியில் நான் பார்த்ததில்லை.

நான் எழுத வந்தது வேறு ஒன்றைப் பற்றி. அதற்கு முடிவைச் சொல்லியாக வேண்டும். எரிக் என்ற விஞ்ஞானி சுவரைத் தாண்டித் தப்ப நினைக்கிறான். கேவரைட் நச்சால் படுத்த படுக்கையாகிவிட்ட தங்கையையும் காப்பாற்றும்படி அந்த உளவுப் பெண்களிடம் கெஞ்சுகிறான். ஆனால் அவளுடைய அறுவைச் சிகிச்சைப் பணத்துக்காக எதிர்த்தரப்புக்கு விலைபோனவன் அவன் என்பதை அந்த ஐவரில் ஒருத்தியான ஆஞ்ச் கண்டுபிடித்துவிடுகிறாள். அவனைக் கொல்வது அவள் கடமை. கொல்வதற்கு முன் அவனிடம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறாள், தங்கைக்குப் பணம் சேரட்டும் என்று. பிறகு துப்பாக்கி வெடிக்கிறது.

முப்பத்தோரு ஆண்டுகள் ஆயுள் காப்பீட்டு முகவராக வேலை பார்த்தவன் நான். விண்ணப்பம் நிரப்பும்போது வயது, உயரம், எடை, சம்பளம் எல்லாவற்றையும் மளமளவென்று சொல்வார்கள். நாமினி பெயரைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். லாரி ஓட்டும் இளைஞர் ஒருவர், அடுப்படியில் நின்ற மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திப் பெயரைச் சொன்னார். தாம் இல்லாத ஒரு நாளை அந்த ஒரு நொடிக்குள் அவர் பார்த்துவிட்டார். எரிக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு அந்த அடுப்படிதான் கண்ணில் நின்றது.

“ஆஞ்ச் நல்லவளா, கெட்டவளா?” என்று பேத்தி கேட்டாள். அந்தத் தங்கைக்கு நல்லவள் என்றேன். “பணம் வந்துவிடும், அண்ணன் வரமாட்டானே” என்றாள். பத்தொன்பது வயதுப் பெண்ணை இப்படிப் பேசவைத்த படத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கார் துரத்தல் கண்ணுக்குள் நிற்காத வேகத்தில் ஓடுகிறது. அந்தக் கால லண்டனுக்கு அந்தப் பெண்களின் உடை சற்றும் பொருந்தவில்லை. தொண்டையில் இயந்திரம் பொருத்தப்பட்டு, யார் குரலிலும் பேசக்கூடிய பியாட்ரிஸ் என்ற பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். யூகி கஜியுராவின் இசை மட்டும் ஓர் இடத்திலும் சோடை போகவில்லை.

தங்கள் இதழின் திரை விமர்சனப் பக்கத்தில் இத்தகைய தொடர்களுக்கும் இடம் தர வேண்டும். வருந்தி எழுதிய அந்த வாசகர் இந்த ஒரு எபிசோடையாவது தம் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். மீதி பதினொன்றையும் தீபாவளி விடுமுறையில் சேர்ந்து பார்ப்பதாக எனக்கும் பேத்திக்கும் பேச்சு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர் ஒருவர்,
கும்பகோணம்.