கான்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டா போதுமா?

டேய் முரளி,

நல்லா இருக்கியா? அம்மா முழங்கால் வலி பத்தியும் ஜெயந்தி புது வேலை பத்தியும் தனியா எழுது. இது வேற விஷயம். அன்னிக்கு போன்ல, வெளிநாட்டுல கூலி வேலைக்குப் போறவங்க பத்திப் பேசிட்டு இருக்கும்போது, "கையெழுத்து போட்டுத்தானே போனாங்க, அப்புறம் அங்க என்ன சம உரிமை"ன்னு ஒரே போடா போட்டுட்டு கட் பண்ணிட்ட பாரு, எனக்கு மனசே ஆறல. பாஸ்கர் இருந்திருந்தா மேஜையத் தட்டியே உன்ன எழுப்பி விட்டிருப்பான்.

உன் வாதம் ரொம்பப் பழசுடா. பிரான்ஸ்ல 1789-ல மனுஷங்க எல்லாரும் சமமாத்தான் பிறக்குறாங்கன்னு பிரகடனம் போட்டாங்க இல்ல, 1791 அரசியல் சட்டத்துல குடிமக்கள்லயே ஒரு பகுதிக்கு மட்டும்தான் "ஆக்டிவ்"னு பேரு. மூணு நாள் கூலி அளவுக்கு நேரடி வரி கட்டுற ஆம்பளைக்குத்தான் ஓட்டு, அதுலயும் வீட்டு வேலைக்காரனா இருந்தா கிடையாது, ஏன்னா அவன் முதலாளி சொல்றதைத்தான் கேப்பானாம். பொம்பளைங்க கணக்குலயே இல்ல. 1797-ல ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டும் அதையே எழுதுறாரு, வேலைக்காரங்க, தொழில் பழகுற பையன், எல்லாப் பெண்களும், அடுத்தவனை நம்பிப் பிழைக்கிறவங்க எல்லாரும் "பாசிவ்", அதாவது ஓட்டில்லாத குடிமக்கள். மனுஷனை வெறும் கருவியா நடத்தாதேன்னு சொன்ன அதே கான்ட்! எனக்கு இன்னும் ஜீரணமாகல.

இதுக்கு முன்னாடியே, 1762-ல, தத்துவவாதி ரூசோ சரியாச் சொல்லிட்டாருடா: இன்னொருத்தனை விலைக்கு வாங்குற அளவுக்கு யாரும் பணக்காரனா இருக்கக்கூடாது, தன்னையே விக்க வேண்டிய அளவுக்கு யாரும் ஏழையா இருக்கக்கூடாது. அதாவது அண்டிப் பிழைக்கிற நிலைமைய ஒழிங்கன்னாரு. பின்னால வந்தவங்க அந்த நிலைமைய அப்படியே விட்டுட்டு, அதுல மாட்டினவனை வெளிய தள்ளிட்டாங்க.

சரி, அப்புறம் ஓட்டு எல்லாருக்கும் வந்துச்சு. 1949-ல இங்கிலாந்து சமூகவியலாளர் டி.எச். மார்ஷல் கேம்பிரிட்ஜ்ல பேசும்போது, சிவில் உரிமை 18-ம் நூற்றாண்டு, அரசியல் உரிமை 19, சமூக உரிமை 20-ன்னு இங்கிலாந்துக் கதைய படிப்படியா அடுக்கினாரு. அதே வருஷம் நவம்பர் 25-ல அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில, அரசியல்ல சமத்துவம், சமூகத்துலயும் பொருளாதாரத்துலயும் ஏற்றத்தாழ்வு, இந்த முரண்பாட்டோட எத்தனை நாள் ஓட்டுவோம்னு கேட்டாரு. ரெண்டும் பெரிய பேச்சு, ஆனா ரெண்டுமே ஏற்கெனவே குடிமக்களா உள்ள இருக்கிறவங்களைப் பத்தினது.

உனக்கான பதில் அமெரிக்க அரசியல் தத்துவவாதி மைக்கேல் வால்சர் 1983-ல எழுதின புத்தகத்துல இருக்கு. குடியுரிமை கொடுக்காம வெளிநாட்டுத் தொழிலாளிய வச்சுக்கிற நாடு, வீட்டோட வேலைக்காரங்களை வச்சிருக்கிற குடும்பம் மாதிரின்னு சொல்றாரு. 1791-ல வெளிய நிறுத்தின அதே ஆள், இப்ப பாஸ்போர்ட்டோட வந்து நிக்கிறான்! கையெழுத்து விஷயத்துக்கும் அவர்கிட்ட பதில் இருக்கு: வரும்போது ஒரு தடவ சரின்னா பத்தாது, ஒரு அதிகாரம் தினம் தினம் உன் மேல நடக்குதுன்னா உன் சம்மதத்தையும் தினம் தினம் கேக்கணும், அதுக்குத்தான் ஓட்டு. வரி கட்டுறான், அந்த நாட்டு போலீசுக்கு, கோர்ட்டுக்கு அடங்கி நடக்குறான், வேலை போனா விசாவும் போயிடும்ங்கற பயத்துல முதலாளி என்ன செஞ்சாலும் வாயத் திறக்க மாட்டான். இவனைப் பாத்து "நீதானே சரின்ன"னு எப்படிடா சொல்ல முடியும்?

உடனே நீ "அப்போ எல்லைய எல்லாம் திறந்து விட்டுடலாமா"ன்னு குதிப்ப, உன்ன எனக்குத் தெரியாதா. வால்சர் அப்படிச் சொல்லல, யாரை உள்ள விடணும்னு நாடு முடிவு பண்ணலாம், விட்டா குடிமகனாகுற வழியும் கொடுக்கணும்ங்கறாரு. அரசியல் தத்துவவாதி ஜோசப் கேரன்ஸ்தான் 1987-ல இன்னும் மேல போயி, பணக்கார நாட்டுக் குடியுரிமையே பழைய பிரபுக்களோட பிறப்புச் சலுகை மாதிரிதான்னு எழுதினாரு. அவ்வளவு தூரம் போகலாமான்னு நான் இன்னும் யோசிச்சுட்டுதான் இருக்கேன். ஆனா வால்சர் சொன்னதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

போன்ல வேணாம், எழுது. போன்ல நீ யாரையும் பேச விட மாட்ட.

சேகர்